கொசுமெல்: ஒரு நாள் விருந்தினரின் தீவு

கொசுமெல் என்பது மெக்சிகோ நாட்டின் தென்கிழக்கே, யுகட்டான் தீபகற்பத்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் கரீபியக் கடலில் அமைந்துள்ள தீவு ஆகும். இது குயின்டானா ரூ மாநிலத்தைச் சேர்ந்தது. மெக்சிகோவின் சொகுசுக் கப்பல் துறைமுகங்களில் மிகுதியான பயணிகளை வரவேற்பது இத்தீவே. 2019ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்களில் 40 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் இங்கு வந்தனர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கொசுமெல் நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 88,000. அதாவது குடியிருக்கும் ஒருவருக்கு, ஆண்டில் 45 பேர் என்ற அளவில் விருந்தினர் வந்து போகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் காலையில் இறங்கி மாலையில் கப்பலேறிவிடுபவர்கள்.

சிறிது நேரம் தங்கிச் செல்லும் மனிதர்கள் இத்தீவுக்குப் புதியவர்கள் அல்லர். மாயா காலத்து யாத்திரிகர்கள், ஸ்பானியப் படைவீரர்கள், கடற்கொள்ளையர், சப்போட்டாப் பால் வணிகர், முக்குளிப்போர், சொகுசுக் கப்பல் பயணிகள் என ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தீவின் வாழ்வையும் தாழ்வையும் வந்து போகிறவர்களே பெரிதும் தீர்மானித்து வந்துள்ளனர். வந்தவர்கள் எதைக் கொடுத்தார்கள், எதை எடுத்துச் சென்றார்கள், எதை விட்டுச் சென்றார்கள் என்பதே கொசுமெல் வரலாற்றின் மையக் கேள்வி எனலாம்.

அமைவிடமும் நில அமைப்பும்

தீவு ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளமும் 16 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. பரப்பளவு சுமார் 478 சதுர கிலோமீட்டர். எதிர்க்கரையில் உள்ள பிளாயா டெல் கார்மென் நகரிலிருந்து இதனைப் பிரிக்கும் கடற்காலின் அகலம் 20 கிலோமீட்டருக்கும் குறைவு. தீவின் தலைநகர் சான் மிகெல் மேற்குக் கரையில் உள்ளது.

தீவு முழுவதும் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. மலையோ ஆறோ கிடையாது. பெய்யும் மழைநீர் பாறையின் துளைகள் வழியே கீழிறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாகத் தங்குகிறது. பாறையின் கூரை இடிந்து இந்நீர் வெளிப்படும் இயற்கைக் கிணறுகளை 'செனோட்டே' என்பர். மக்கள் பயன்படுத்தும் நிலத்தடி நீர் இந்தப் படலத்திலிருந்தே கிடைக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு நீர் மேலேறிவிடும்.

தீவின் இரு கரைகளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. கிழக்குக் கரையில் திறந்த கடலின் அலைகள் நேரே மோதுகின்றன. அங்கு ஊர்கள் இல்லை. கடலாமைகள் முட்டையிடும் மணற்கரைகள் உள்ளன. மேற்குக் கரை காற்றுக்கு மறைவானது. அங்குக் கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும்; கரையை ஒட்டியே ஆழமும் கிடைக்கிறது. அதனால் பெரிய கப்பல்கள் கரைக்கு மிக அருகில் வர முடிகிறது. அதே அமைதியும் தெளிவும்தான் பவளப்பாறைகள் செழிப்பதற்கும் காரணம். கப்பலும் பவளமும் ஒரே கரையில், ஒரே காரணத்தால் அடுத்தடுத்து அமைந்துவிட்டன. இன்றைய சிக்கல்கள் பலவற்றின் வேர் இந்த நில அமைப்பில்தான் உள்ளது.

பெயர்க் காரணம்

மாயா மொழியில் 'குசாம்' என்பது தகைவிலான் குருவியைக் குறிக்கும். 'குசாமில்' என்றால் தகைவிலான்கள் உள்ள இடம். ஸ்பானியர் நாவில் இது கொசுமெல் ஆயிற்று.

இஷ்செல் தெய்வமும் யாத்திரிகர்களும்

ஸ்பானியர் வருவதற்கு முந்தைய சில நூற்றாண்டுகளில் கொசுமெல் மாயா உலகின் முதன்மையான யாத்திரைத் தலங்களுள் ஒன்றாக விளங்கியது. மகப்பேறு, மருத்துவம், நெசவு ஆகியவற்றோடு தொடர்புடைய இஷ்செல் என்னும் பெண் தெய்வத்தின் வழிபாட்டிடம் இங்கு இருந்தது. குழந்தை வரம் வேண்டியும் சுகப்பிரசவம் வேண்டியும் பெண்கள் கடல் கடந்து வந்தனர். எதிர்க்கரையில் இன்று இஷ்கரேட் எனப்படும் இடத்தில் இருந்த போலே என்னும் துறையிலிருந்து மரத்தோணிகள் புறப்பட்டன. கடற்காலில் வடக்கு நோக்கி ஓடும் நீரோட்டம் வலுவானது என்பதால் அது எளிய பயணம் அன்று.

பதினாறாம் நூற்றாண்டில் யுகட்டானில் வாழ்ந்த பாதிரியார் டியேகோ டெ லாண்டா, கிறித்தவர்களுக்கு எருசலேமும் ரோமாபுரியும் எப்படியோ அப்படியே மாயர்களுக்குக் கொசுமெல்லும் சிச்சென் இட்சாவின் புனிதக் கிணறும் இருந்தன என்று எழுதியுள்ளார். ஸ்பானிய வரலாற்றாசிரியர் லோப்பெஸ் டெ கோமரா, சுவரோடு ஒட்டி நிறுத்தப்பட்ட உள்ளீடற்ற சுடுமண் சிலை ஒன்றைக் குறிப்பிடுகிறார். பூசாரி பின்புற வாயில் வழியாக உள்ளே சென்று, கேட்க வந்தவர்களுக்குத் தெய்வத்தின் குரலில் விடை சொல்வாராம். இது மாற்றுச் சமயத்தாரின் பதிவு என்பதை நினைவிற்கொண்டு படிக்க வேண்டும்.

தீவின் வடபகுதிக் காட்டுக்குள் உள்ள சான் ஹெர்வாசியோ இக்காலத்தின் முக்கியச் சான்றாகும். சிச்சென் இட்சாவைப் போன்ற உயர்ந்த பிரமிடுகள் இங்கு இல்லை. சிறிய கல் கட்டடங்களும் அவற்றை இணைக்கும் வெண்கல் பாதைகளும் உள்ளன. ஒரு கட்டடத்தின் சுவரில் செந்நிறக் கைத்தடங்கள் பதிந்திருப்பதால் அது 'சிறு கைகள்' என்னும் பெயர் பெற்றது.

தீவு வழிபாட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1972-73 ஆண்டுகளில் ஜெரமி சாப்லாஃப், வில்லியம் ராத்தி ஆகியோர் தலைமையில் ஹார்வர்டு, அரிசோனா பல்கலைக்கழகங்கள் இங்கு அகழாய்வு நடத்தின. கடல்வழி வணிகத்தில் கொசுமெல் ஒரு முக்கிய நிறுத்தமாக இருந்தது என அவர்கள் விளக்கினர். உப்பு, தேன், கொக்கோ, துணி போன்றவை யுகட்டானைச் சுற்றித் தோணிகளில் சென்றன. கோயிலும் சந்தையும் ஒன்றையொன்று தாங்கின. அக்காலத்தில் விருந்தினரை எங்கே இறக்குவது, எங்கே தங்கவைப்பது என்பதைத் தீவின் தலைவர்களும் பூசாரிகளும் முடிவு செய்தனர் என்பது பின்வரும் வரலாற்றோடு ஒப்பிட வேண்டிய செய்தி.

ஸ்பானியர் வருகை

1518 மே மாதத் தொடக்கத்தில் ஹுவான் டெ கிரிஹால்வா தலைமையில் கியூபாவிலிருந்து வந்த கப்பல்கள் தீவை அடைந்தன. அது கிறித்தவரின் திருச்சிலுவைத் திருநாளை ஒட்டிய நேரம் என்பதால் கிரிஹால்வா தீவுக்குச் சாந்தா குரூஸ் என்று பெயரிட்டார். அப்பெயர் நிலைக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1519 பிப்ரவரியில், எர்னான் கோர்ட்டெஸ் 11 கப்பல்களோடு புறப்பட்டார். அவருக்கு முன்னதாக வந்து சேர்ந்த பெட்ரோ டெ அல்வராடோவின் ஆட்கள் ஊர் மக்களின் கோழிகளையும் கோயில் பொருள்களையும் எடுத்துக்கொண்டனர். மக்கள் காட்டுக்குள் ஓடிவிட்டனர். பின்னர் வந்த கோர்ட்டெஸ் அல்வராடோவைக் கடிந்து, பொருள்களைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். கோழிகளைத் தின்று தீர்த்துவிட்டதால் அவற்றுக்கு ஈடாகக் கண்ணாடி மணிகளும் சிறு சலங்கைகளும் கொடுக்கப்பட்டன. படையில் இருந்த பெர்னால் டியாஸ் இதைப் பதிவு செய்துள்ளார். ஆனால் சில நாள்களிலேயே அதே கோர்ட்டெஸ் கோயில் சிலைகளை உடைத்து உருட்டிவிட்டு, அவ்விடத்தில் சிலுவையையும் மரியாள் உருவத்தையும் நிறுவினார்.

கசிந்த கப்பலும் கிடைத்த மொழிபெயர்ப்பாளரும்

மெக்சிகோவின் வரலாற்றையே திருப்பிய ஒரு நிகழ்ச்சி கொசுமெல் கரையில் நடந்தது. 1511இல் டேரியனிலிருந்து சாந்தோ டொமிங்கோவுக்குச் சென்ற ஸ்பானியக் கப்பல் ஒன்று பாறையில் மோதிச் சிதைந்தது. தப்பியவர்கள் யுகட்டான் கரையில் ஒதுங்கினர். அவர்களில் பலர் மாண்டனர். ஹெரோனிமோ டெ அகிலார், கொன்சாலோ கெரேரோ ஆகிய இருவர் மட்டும் 1519இலும் உயிரோடு இருந்தனர்.

தாடி வைத்த மனிதர்கள் உள்நாட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்ட கோர்ட்டெஸ், கொசுமெல்லில் இருந்து மாயத் தூதர்கள் வழியாகக் கடிதமும் மீட்புப் பொருளாகப் பாசிமணிகளும் அனுப்பினார். அகிலார் அதுவரை மாயத் தலைவர் ஒருவரிடம் அடிமையாக இருந்தவர். மகிழ்ச்சியோடு விடுதலை பெற்றார். கெரேரோ வரவில்லை. அவர் மாயப் பெண்ணை மணந்து, மூன்று குழந்தைகளுக்குத் தந்தையாகி, முகத்தில் பச்சை குத்திக்கொண்டு, அவர்களுள் ஒருவராகவே ஆகியிருந்தார்.

அகிலார் கரையை அடைவதற்குள் கோர்ட்டெஸின் கப்பல்கள் புறப்பட்டுவிட்டன. ஆனால் உணவு ஏற்றிச் சென்ற ஒரு கப்பலில் நீர் கசியத் தொடங்கியதால், பழுது பார்க்க அனைத்தும் கொசுமெல்லுக்கே திரும்பின. அந்த இடைவெளியில்தான் அகிலார் தோணியில் வந்து சேர்ந்தார். எட்டு ஆண்டுகள் மாயர்களிடையே வாழ்ந்ததால் அவருக்கு மாயா மொழி தெரியும். பின்னர் தபாஸ்கோவில் கோர்ட்டெஸுக்குக் கையளிக்கப்பட்ட மலின்சே என்ற பெண்ணுக்கு மாயா மொழியும் அஸ்டெக்குகளின் நாவாட்டில் மொழியும் தெரிந்திருந்தன. நாவாட்டிலிலிருந்து மாயா மொழிக்கு மலின்சேயும், மாயா மொழியிலிருந்து ஸ்பானியத்துக்கு அகிலாரும் பெயர்த்தனர். இந்த இரட்டைப் பாலத்தின் வழியாகவே அஸ்டெக் பேரரசர் மொக்டெசுமாவோடு பேச்சு நடந்தது. கப்பல் கசியாமல் இருந்திருந்தால் கோர்ட்டெஸ் அந்தப் பாலத்தின் ஒரு பாதியை இழந்திருப்பார்.

அம்மையும் வெறுமையும்

1520இல் பன்ஃபிலோ டெ நார்வாயேஸின் படை மெக்சிகோவுக்கு வந்தது. வழியில் கொசுமெல்லிலும் அது தங்கியது. அப்படையோடு பெரியம்மையும் வந்தது. முன்பின் அறியாத அந்நோய்க்கு எதிராகத் தீவு மக்களின் உடலில் எவ்வித எதிர்ப்புச் சக்தியும் இல்லை. சில ஆயிரம் பேர் வாழ்ந்த தீவில், 1570 வாக்கில் நானூறுக்கும் குறைவானோரே எஞ்சியிருந்தனர். யாத்திரை நின்றது. யாத்திரையை நம்பிய வணிகமும் நின்றது. பதினேழாம் நூற்றாண்டில் கடற்கொள்ளையர் நீர் பிடிக்கவும் ஓய்வெடுக்கவும் தீவைப் பயன்படுத்தினர். மிஞ்சிய குடிகளும் நாளடைவில் வெளியேறினர்.

1842இல் அமெரிக்கப் பயண எழுத்தாளர் ஜான் லாயிட் ஸ்டீபன்ஸும் ஓவியர் ஃபிரடெரிக் கேதர்வுடும் இங்கு வந்தபோது தீவில் குடிகள் இல்லை. காடு மூடிய இடிபாடுகளையே அவர்கள் கண்டனர்.

மீண்டும் குடியேற்றம்

1847இல் யுகட்டானில் மாயக் குடியானவர்கள் நில உடைமையாளர்களுக்கும் அரசுக்கும் எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். 'சாதிப் போர்' என அழைக்கப்படும் இப்போர் 1901 வரை நீடித்தது. போருக்கு அஞ்சிய கலப்பினக் குடும்பங்களும் மாயக் குடும்பங்களும் 1848இல் கொசுமெல்லில் அடைக்கலம் புகுந்தன. இன்றைய தீவு மக்களின் சமூகம் இவ்வாறு ஏதிலிகளால் தொடங்கப்பட்டதே. தென்பகுதியிலுள்ள எல் செட்ரால் சிற்றூரில் ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியிலிருந்து மே 3 திருச்சிலுவை நாள் வரை நடக்கும் திருவிழா அவர்களின் நினைவைப் பேணுகிறது. கப்பல் நிறுவனங்களின் அட்டவணையைச் சாராமல் தீவு மக்கள் தமக்காக நடத்தும் விழா இது.

குடியேறியவர்கள் மீன்பிடித்தும் பயிரிட்டும் தென்னை வளர்த்தும் வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மற்றொரு பொருள் தீவுக்கு வருவாய் கொண்டுவந்தது. அது சப்போட்டா மரத்தின் பால். தமிழ்நாட்டுத் தோட்டங்களில் இன்று பழத்துக்காக வளர்க்கப்படும் அதே மரத்தின் தாயகம் யுகட்டான் உள்ளிட்ட நடு அமெரிக்கக் காடுகளே. சப்போட்டா என்ற பெயரும் நாவாட்டில் மொழிச் சொல்லிலிருந்து ஸ்பானியம் வழியே வந்ததுதான். மரப்பட்டையில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, வடியும் பாலைக் காய்ச்சிக் கட்டிகளாக்குவர். 'சிக்லே' எனப்படும் இக்கட்டிகளே அமெரிக்காவின் சூயிங்கத்துக்கு மூலப்பொருள். எதிர்க்கரைக் காடுகளில் எடுக்கப்பட்ட சிக்லே கொசுமெல் வழியாகக் கப்பலேறியது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிச் செயற்கைப் பசை பரவியதும் இவ்வணிகம் சரிந்தது. தீவு மீண்டும் வேறொரு பிழைப்பைத் தேட வேண்டியதாயிற்று.

சுற்றுலாவின் தொடக்கம்

1950களிலும் 1960களிலும் நீருக்கடியில் மூச்சு விடும் கருவிகள் பொதுமக்களுக்கும் கிடைக்கத் தொடங்கின. கொசுமெல்லின் தெளிந்த நீரும் பவளச் சுவர்களும் முக்குளிப்போரை ஈர்த்தன. பலன்கார் என்னும் பவளப்பாறை உலகப் புகழ் பெற்றது. மெக்சிகோ முதல் பெலீஸ், குவாத்தமாலா வழியாக ஹோண்டுராஸ் வரை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளும் மீசோ அமெரிக்கப் பவளத்தொடரின் ஒரு பகுதியே இது. முக்குளிக்க வருபவர்கள் ஒரு வாரமேனும் தங்குவர்; உள்ளூர் விடுதியில் உறங்கி, உள்ளூர்க் கடைகளில் உண்பர்; படகோட்டியையும் வழிகாட்டியையும் பெயர் சொல்லி அறிவர். இவ்வகைச் சுற்றுலாவே முதலில் வேரூன்றியது.

1970இல் மெக்சிகோ அரசு எதிர்க்கரையின் வடக்கே கான்கூன் என்ற புதிய சுற்றுலா நகரைக் கட்டத் தொடங்கியது. 1974இல் குயின்டானா ரூ தனி மாநிலமாயிற்று. கான்கூனின் பெரிய விடுதிகளோடு கொசுமெல்லால் போட்டியிட முடியவில்லை. ஆனால் கான்கூனில் இல்லாத ஒன்று இங்கு இருந்தது: கரையோர ஆழம். புளோரிடாவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் புறப்படும் சொகுசுக் கப்பல்கள் மேற்குக் கரீபியப் பயணத்தில் கொசுமெல்லை நிறுத்தமாக்கின. தொடக்கத்தில் கப்பல்கள் கடலில் நங்கூரமிட, பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு வந்தனர். பின்னர் இறங்குதுறைகள் கட்டப்பட்டன. இன்று மூன்று பெரிய இறங்குதுறைகள் உள்ளன: நகர மையத்தில் புண்டா லங்கோஸ்டா, நகருக்குத் தெற்கே சர்வதேச இறங்குதுறை, அதற்கடுத்து கார்னிவல் நிறுவனத்தோடு தொடர்புடைய புவெர்டா மாயா.

1996ஆம் ஆண்டு முறையீடு

புவெர்டா மாயா இறங்குதுறை கட்டப்பட்ட இடம் பாரடைஸ் எனப்படும் பவளப்பாறையை ஒட்டியது. அடிமண் கலங்கினால் நீர் மங்கும். பவள உயிரிகளுக்குள் வாழும் நுண்பாசிகளுக்கு வெயில் கிடைக்காது. படியும் வண்டல் பவளத்தை மூச்சடைக்கச் செய்யும். இதனால் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

1996 ஜனவரியில் மூன்று மெக்சிகோ அமைப்புகள் வட அமெரிக்கச் சுற்றுச்சூழல் ஒத்துழைப்பு ஆணையத்திடம் முறையிட்டன. கவிஞர் ஓமெரோ அரிஜிஸ் தோற்றுவித்த நூற்றுவர் குழுவும் அவற்றுள் ஒன்று. வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் துணை உடன்படிக்கையால் உருவான ஆணையம் அது. இறங்குதுறையை மட்டும் தனியே மதிப்பிட்டது தவறு. கரையிலுள்ள முனையம், கடைகள், சாலைகள் என எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிட்டிருக்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். 1997 அக்டோபரில் ஆணையம் உண்மை அறிக்கையை வெளியிட்டது. அந்த ஆணையம் வெளியிட்ட முதல் உண்மை அறிக்கை இதுவே. ஆணையத்துக்குத் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் இல்லை. உண்மைகளைத் தொகுத்து வெளியிட மட்டுமே முடியும். இறங்குதுறை கட்டப்பட்டது.

ஆயினும் இதே காலத்தில், 1996 ஜூலையில், தீவின் தென்மேற்குக் கடற்பகுதி கொசுமெல் பவளப்பாறைகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இதன் பரப்பு ஏறத்தாழ 12,000 எக்டேர். 2016இல் யுனெஸ்கோ தீவை உயிர்க்கோளக் காப்பகங்களின் பட்டியலில் சேர்த்தது.

கரையில் ஒரு நாள்

சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் காலை 7 அல்லது 8 மணியளவில் வந்து, மாலை 4 முதல் 6 மணிக்குள் புறப்படுகின்றன. ஒரு கப்பலில் 3,000 முதல் 5,000 பயணிகள் வரை இருக்கலாம். ஒரே நாளில் ஐந்தாறு கப்பல்கள் வரும் நாள்களில் இருபதாயிரம் பேருக்கு மேல் சில மணி நேரத்துக்குள் கரையிறங்குவர்.

இறங்கியவுடன் எதிர்ப்படுவது ஊர் அன்று. இறங்குதுறைக்குச் சொந்தமான கடைத்தொகுதி. நகை, வெள்ளிப் பொருள், டெக்கீலா மது, வனிலா, அச்சிட்ட பனியன், மருந்து ஆகியவை டாலர் விலையில் விற்கப்படுகின்றன. பயணிகளில் ஒரு பகுதியினர் அக்கடைத்தொகுதியைத் தாண்டுவதே இல்லை. மற்றவர்களுக்குப் பல வழிகள் உள்ளன. சிலர் மேற்குக் கரையின் கடற்கரை விடுதிகளுக்குச் செல்வர். சிலர் சன்கனாப் பூங்காவில் நீந்துவர். சிலர் படகில் பலன்காருக்குப் போய்ப் பவளம் காண்பர். சிலர் வாடகைக் காரில் சான் ஹெர்வாசியோ இடிபாடுகளுக்கோ கிழக்குக் கரைக்கோ செல்வர். எதிர்க்கரைத் துலும் கோட்டையைக் காண விரும்புவோர் முக்கால் மணி நேரம் விரைவுப் படகில் கடந்து, பிளாயா டெல் கார்மெனிலிருந்து சாலை வழியே மேலும் ஒரு மணி நேரம் செல்ல வேண்டும். நாளின் பாதி பயணத்திலேயே கழிந்துவிடும்.

நேரக் கணக்கும் சிக்கலானது. குயின்டானா ரூ மாநிலம் 2015 பிப்ரவரியில் தன் நேர மண்டலத்தை மாற்றிக்கொண்டது. கோடைக்கால நேர மாற்றமும் அங்கு இல்லை. ஆகவே கோடையில் புளோரிடாவிலிருந்து வரும் கப்பலின் கடிகாரம் தீவின் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முந்தியிருக்கக்கூடும். கைப்பேசி காட்டும் உள்ளூர் நேரத்தை நம்பியவர்கள் இறங்குதுறையில் ஓடிவரும் காட்சி அரிதன்று.

வருவாய் யாருக்கு

கப்பல் பயணி உறங்குவதும் காலை, இரவு உணவு உண்பதும் கப்பலிலேயே. எனவே தீவின் விடுதிகளுக்கு அவரால் பயனில்லை. சுற்றுலாக்கள் பெரும்பாலும் கப்பலிலேயே முன்பதிவு செய்யப்படுகின்றன. கட்டணத்தில் கணிசமான பங்கைக் கப்பல் நிறுவனம் எடுத்துக்கொண்ட பிறகே மீதி உள்ளூர் நடத்துநருக்குச் சேர்கிறது. அதே வேளையில் வாடகைக் கார் ஓட்டுநர், வழிகாட்டி, படகோட்டி, விற்பனைப் பெண், சமையல்காரர் எனத் தீவின் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இக்கப்பல்களே சோறு போடுகின்றன என்பதையும் மறுக்க முடியாது. 'கப்பல் வேண்டாம்' என்று சொல்பவர் தீவில் மிகக் குறைவு. எத்தனை கப்பல், எந்த இடத்தில், யாருடைய முடிவால் என்பதே அங்கு நடக்கும் விவாதம்.

இந்த ஒற்றைச் சார்பின் ஆபத்து மூன்று முறை வெளிப்பட்டது. 1988 செப்டம்பரில் கில்பர்ட் சூறாவளி தீவை நேராகத் தாக்கியது. 2005 அக்டோபரில் வில்மா சூறாவளி நகராமல் நெடுநேரம் நின்று வீசியது. புவெர்டா மாயா இறங்குதுறை அழிந்தது. 2008இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. கொசுமெல்லில் மட்டுமே வாழ்ந்த நீள்வால் பாடும் பறவை இனம் ஒன்று கில்பர்ட்டுக்கும் 1995இல் வீசிய ராக்சேன் சூறாவளிக்கும் பிறகு அரிதாகி, இப்போது அழிந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. மூன்றாவதாக வந்தது பெருந்தொற்று. 2020 மார்ச்சில் கப்பல்கள் நின்றன. 2021 ஜூன் வரை, ஏறத்தாழ 15 மாதங்கள், இறங்குதுறைகள் வெறுமையாகக் கிடந்தன.

பவளமும் நான்காவது இறங்குதுறையும்

2018இல் மெக்சிகோவின் கரீபியக் கடலில் பவளத் திசுச் சிதைவு நோய் பரவத் தொடங்கியது. கல் போன்ற கூடுடைய பவளங்களின் உயிர்த்திசுவை இந்நோய் வாரங்களில் உரித்துவிடும். வெண்மையான கூடு மட்டும் எஞ்சும். 2019 அக்டோபரில் மெக்சிகோவின் இயற்கைக் காப்பிட ஆணையம் பலன்கார் உள்ளிட்ட பகுதிகளைச் சுற்றுலாவுக்குத் தற்காலிகமாக மூடியது. சில வாரங்களுக்குப் பின் கட்டுப்பாடுகளோடு அவை திறக்கப்பட்டன.

இந்தச் சூழலில்தான் நான்காவது இறங்குதுறைக்கான திட்டம் வந்தது. தீவுவாசிகளில் ஒரு பகுதியினரும் முக்குளிப்போரும் உயிரியலாளரும் இதை எதிர்த்து நீதிமன்றத்தை நாடினர். ஏற்கெனவே மூன்று இறங்குதுறைகள் உள்ள கடற்கரையில், நோயால் நலிந்த பவளத்தின் அருகே, தனித்தனியாக அன்றி மொத்தப் பாதிப்பையும் மதிப்பிடாமல் கட்டலாகாது என்பது அவர்களின் கோரிக்கை. 1996ஆம் ஆண்டு முறையீட்டின் அதே சாரம் இதிலும் உள்ளதைக் காணலாம்.

மற்றொரு மாற்றம் வரியில் வந்தது. நீண்ட காலம், கப்பல் பயணிகள் 'வழிப்போக்கர்' என்று கருதப்பட்டு, வெளிநாட்டவர் செலுத்தும் நுழைவுக் கட்டணத்திலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர். 2024 டிசம்பரில் மெக்சிகோ நாடாளுமன்றம் தலைக்கு 42 டாலர் வசூலிக்க ஒப்புதல் அளித்தது. கப்பல் நிறுவனங்கள் எதிர்த்தன. வேறு துறைமுகங்களுக்குப் போய்விடுவார்களோ என்று உள்ளூர் வணிகர்களும் அஞ்சினர். பேச்சுவார்த்தைக்குப் பின் 5 டாலராகக் குறைக்கப்பட்டு, படிப்படியாக உயர்த்துவது என்ற உடன்பாட்டோடு 2025 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது.

வரலாற்று மதிப்பீடு

இஷ்செல்லின் யாத்திரிகர்கள் நின்றபோது கோயில் வணிகம் அழிந்தது. செயற்கைப் பசை வந்தபோது சிக்லே அழிந்தது. கப்பல்கள் நின்ற 15 மாதங்களில் தீவு அதே பாடத்தை மூன்றாம் முறையாகக் கற்றது. முதல் இரண்டும் தொலைவில் நடந்த மாற்றங்களால் வந்தவை. தீவு மக்களால் அவற்றைத் தடுத்திருக்க முடியாது. பவளத்தின் நிலை முற்றிலும் அப்படிப்பட்டதன்று. நோயும் கடலின் வெப்பமும் அவர்கள் கையில் இல்லை என்றாலும், எங்கே தூண் நடுவது, எத்தனை கப்பலை அனுமதிப்பது, வரிப்பணத்தைக் கழிவுநீருக்கும் காப்பிடத்துக்கும் செலவிடுவதா என்பவை உள்நாட்டில் எடுக்கப்படும் முடிவுகளே. கப்பலை இங்கு வரவழைப்பது தெளிந்த கடல்தான். அது மங்கினால் கப்பல்கள் அட்டவணையில் வேறொரு துறைமுகத்தின் பெயரை எழுதிக்கொள்ளும். எண்பதாயிரம் பேருக்கும் மேற்பட்ட தீவு மக்களுக்கு அந்த வசதி இல்லை.